ஸ்டென்ட் வைத்தால் பம்பிங் கூடிவிடாது

இந்த வாரமும் ஒருவர். பாம்பன்காரர், ஐம்பதைத் தாண்டிய மீனவர். கால் வீங்கி, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே இரவைக் கழித்துவிட்டு வந்தார். எக்கோ ஸ்கேனில் பம்பிங், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு, 28 சதவீதம். இதயக் குழாய் அடைப்புக்கு மதுரையில் ஸ்டென்ட் என்னும் சின்னக் கம்பிவலைக் குழல் வைத்து ஐந்து மாதம்தான் ஆகிறது. மாத்திரை என்னாச்சு என்றேன். "அதான் அடைப்ப எடுத்தாச்சே சார்" என்றார் கூட வந்த மச்சான்.

எத்தனை பேரிடம் இதைச் சொல்வது? ஸ்டென்ட் ரத்தக் குழாயைத் திறக்கும். செத்துத் தழும்பாகிவிட்ட தசைக்கு உயிர் கொடுக்காது. பழைய அட்டாக்கில் தசை போய்ப் பம்பிங் குறைந்தவருக்கு, குழாயைத் திறந்ததோடு வைத்தியம் முடியவில்லை. ரத்தம் போதாமல் ஓய்ந்து கிடக்கும் தசை ஸ்டென்ட் வைத்தால் மீளும் என்று மருத்துவர்கள் நாங்களும் எதிர்பார்த்தோம். 2022இல் வெளியான பிரிட்டனின் ரிவைவ்டு ஆய்வில் பம்பிங் 35 சதவீதமோ அதற்கும் கீழோ இருந்த 700 பேரைப் பார்த்தார்கள். மருந்தோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும், மூன்று வருடம் கடந்தும், இறப்பிலோ இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதிலோ வித்தியாசமே இல்லை.

பைபாஸ் கதை வேறு. இதேபோல் பம்பிங் குறைந்தவர்களைப் பார்த்த ஸ்டிச் ஆய்வில் பத்து வருடத்தில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 66 பேர் இறந்தார்கள். பைபாஸும் செய்தவர்களில் 59 பேர். பலன் உண்டு, ஆனால் முதல் மாதத்தில் ஆபத்தும் கூடுதல். பைபாஸ் செய்தவர்களும் மாத்திரையை நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதைப் படித்துவிட்டு ஸ்டென்டே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். நெஞ்சைப் பிசைந்து வேர்த்துக்கொட்டும் அட்டாக் நேரத்தில் அடைப்பைத் திறப்பதுதான் உயிர் காக்கும். அப்போது நேரே மதுரைக்கு வண்டி பிடிக்காமல், பக்கத்து ஆஸ்பத்திரியில் உடனே இசிஜி எடுங்கள்.

பம்பிங் குறைந்தவர்கள் தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோர்க்கிறது என்று பொருள், வந்துவிடுங்கள். கருவாடு வேண்டாம், ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது. வலை இழுத்த இடுப்பு வலிக்கு மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள், அது உடம்பில் நீரைக் கோர்க்கவைக்கும். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் திடீரென விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துவிடலாம்.

தண்ணி மாத்திரை போட்டால் படகில் அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று பலர் கூச்சப்பட்டுச் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். எங்களிடம் சொல்லுங்களேன், கடலுக்குப் போகும் நாளுக்கு ஏற்றபடி நேரத்தை மாற்றித் தருகிறோம்.