ஃபோர்மென்தெராவில் நங்கூரம் போடும் முன்

வாடகைப் பாய்மரப் படகில் ஏறுகிறவர்களுக்குப் பயமெல்லாம் பாய் விரிந்து படகு ஒருபக்கமாகச் சாயும் நேரத்தில்தான். கரையோரம் வந்து நங்கூரம் இறங்கிவிட்டால் ‘அப்பாடா’ என்று கையில் குளிர்பானத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஸ்கிப்பராக, அதாவது படகை நடத்துகிறவனாக, என் அனுபவம் இதற்கு நேர்மாறு. கோடை முழுக்க, மத்தியதரைக் கடலிலுள்ள ஸ்பெயினின் தீவுகளான இபிசாவுக்கும் ஃபோர்மென்தெராவுக்கும் இடையே விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறேன். படகுக்கோ ஆளுக்கோ ஆபத்து என்று நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை படகு நின்றுகொண்டிருந்தபோது வந்தவை. லண்டன், பாரிஸ் பக்கமிருந்து வரும் நம்மவர்கள் சிலர் இப்போது தாங்களே படகெடுத்துக் கிளம்புகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபோர்மென்தெரா சின்னத் தீவு, 83 சதுர கிலோமீட்டர்தான். இபிசா நகரத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 10 கடல் மைல் தெற்கே இருக்கிறது. நிதானமான காற்றில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். தீவின் வடக்கில் ட்ருகதோர்ஸ் என்ற ஒடுங்கிய மணல் திட்டு கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் மேற்குக் கரையில் செஸ் இல்யேத்தெஸ் கடற்கரை, கிழக்குக் கரையில் லியெவாந்த் கடற்கரை. திட்டின் நுனிக்கு அப்பால் எஸ்பல்மதோர் என்ற குட்டித் தீவு. காற்று கிழக்கிலிருந்து வீசினால் மேற்குக் கரை குளம் மாதிரி கிடக்கும், மேற்கிலிருந்து வீசினால் கிழக்குக் கரைக்குப் போய்விடலாம். வரைபடத்தில் பார்த்தால் இது ரொம்ப வசதி. ஆனால் திட்டுக்கும் எஸ்பல்மதோருக்கும் நடுவே உள்ள எஸ் பாஸ் இடைவெளியில் இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நடப்பதைப் பார்க்கலாம். நீருக்கடியில் இரண்டு மீட்டர் இறங்கும் கீல் (அடித்தண்டு) உள்ள படகு அதில் நுழைய வழியே இல்லை. எஸ்பல்மதோரின் வடக்கே சுற்றி, அதிவேகப் பயணிகள் படகுகள் ஓடும் ஃப்ரெயுஸ் நீரிணை வழியாகத்தான் மறுபக்கம் வர வேண்டும். ஆகவே காற்று மாறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். காலையில் வானிலை அறிக்கையைப் படிக்கும்போதே மதியம் எங்கே நிற்பது, இரவு எங்கே நிற்பது என்று முடிவு செய்துவிடுங்கள்.

ஆகஸ்டில் இல்யேத்தெஸ் எதிரே படகுகள் நெருக்கியடித்து நிற்கும். அப்போது விருந்தினர்களில் யாராவது ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார்: “அண்ணா, அதோ அங்க யாருமே இல்லையே, அங்க போய் நிறுத்தலாமே?” கை காட்டும் இடத்தில் தண்ணீர் கருநீலமாக இருக்கும். “தம்பி, அங்க யாரும் நிக்காததுக்குக் காரணம் இருக்கு” என்று சொல்லி நீச்சல் முகமூடியைக் கொடுத்து எட்டிப் பார்க்கச் சொல்வேன்.

கீழே பொசிடோனியா. மத்தியதரைக் கடலில் மட்டுமே வளரும் கடல்புல் இது. பாசி இல்லை, வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உள்ள தாவரம். தெளிந்த நீரில் 40 மீட்டர் ஆழம் வரை வளரும். இந்தக் கடல் இப்படிக் கண்ணாடியாக இருப்பதற்கே இந்தப் புல்தான் முக்கியக் காரணம். மிதக்கும் தூசியை இலைகள் வடிகட்டிப் படியவைக்கின்றன. கரையின் வெள்ளை மணலில் பெரும்பங்கு இந்தப் புல்வெளியில் வாழும் உயிர்களின் ஓட்டுத் துகள்கள். இபிசா, ஃபோர்மென்தெரா புல்வெளிகளையும் முன்னிட்டு யுனெஸ்கோ 1999இல் இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே ஒரே செடி பல கிலோமீட்டர் நீளத்துக்குப் படர்ந்திருப்பதாக மரபணு ஆய்வில் தெரியவந்திருக்கிறது. அதன் வேர்த்தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும். இருபது கிலோ நங்கூரம் ஒருமுறை உழுதுவிட்டுப் போனால் அந்தக் காயம் ஆறுவதைப் பார்க்க நம் ஆயுள் போதாது.

இந்தத் தீவுகளை ஆளும் பலேரிக் மாகாண அரசின் 2018ஆம் ஆண்டு ஆணைப்படி பொசிடோனியா மேல் நங்கூரம் போடுவது குற்றம். அபராதம் உண்டு. கண்காணிப்புப் படகுகள் வந்து நகரச் சொல்லும். நங்கூரத்தை மணலில் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் சங்கிலியை மறந்துவிடுகிறார்கள். காற்று திரும்பும்போது முப்பது மீட்டர் சங்கிலி வட்டமடித்துப் புல்லை அரிவாள் போல அறுத்துவிடும். ஆகவே நங்கூரம் விழும் இடத்தோடு நில்லாமல், அதைச் சுற்றிச் சங்கிலி கிடக்கும் இடமும் மணலா என்று பாருங்கள். போதுமான மணல் இல்லையென்றால் எஸ்பல்மதோரில் படகைக் கட்டி நிறுத்தும் மிதவைகள் இருக்கின்றன. கோடைக்கு முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குச் சலித்துக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். படகு வாடகைக்கு முன்னால் அந்த மிதவைக் கட்டணம் எம்மாத்திரம்?

சட்டத்தை விடுங்கள், நம் பாதுகாப்புக்கும் மணல்தான் நல்லது. புல்லில் நங்கூரம் பிடித்தது போலக் காட்டும். பலத்த காற்றில் வேரோடு பிய்த்துக்கொண்டு நகரும். மணலில் போடும்போது முதலில் ஆழமானி எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பல வாடகைப் படகுகளில் கீலுக்குக் கீழே உள்ள ஆழத்தைத்தான் காட்டும்படி அமைத்திருப்பார்கள். திரையில் 4 மீட்டர் என்றால், இரண்டு மீட்டர் கீலையும் சேர்த்து உண்மை ஆழம் 6. அணியம், அதாவது படகின் முன்முனை, நீருக்கு மேலே நிற்கும் ஒரு மீட்டரையும் சேர்த்தால் 7. அதற்கு ஐந்து மடங்கு, அதாவது 35 மீட்டர் சங்கிலி விட வேண்டும். 4-ஐ வைத்துக் கணக்குப் போட்டவர் 20 மீட்டரோடு நிறுத்திவிடுவார். காலையில் அது போதும். மாலைக் காற்றில் போதாது.

சங்கிலி விட்டதும் எஞ்சினை மெல்லப் பின்னோக்கி ஓட்டுங்கள். ஒருவர் அணியத்தில் மண்டியிட்டு, படகின் விளிம்புக்கு வெளியே இறுகி நிற்கும் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைக்கட்டும், விரல்களை மடக்காமல். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி கம்பியாய் விறைத்து அசையாமல் நிற்கும். இழுபட்டால் கடகடவென்று ஒரு நடுக்கம் கைக்கு ஏறும், விட்டுவிட்டுத் துள்ளும். எந்தக் கருவியைவிடவும் சீக்கிரம் தகவல் சொல்வது அந்தக் கைதான். பிறகு கரையிலுள்ள இரண்டு பொருள்களை, ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு வீடும் என்று, நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு கலைந்துகொண்டே போனால் படகு நகர்கிறது. அதற்கப்புறம்தான் எஞ்சினை அணைப்பது. முகமூடி மாட்டி நீந்திப்போய் நங்கூரம் மணலில் புதைந்திருக்கிறதா என்று பார்த்தால் இன்னும் நல்லது.

இனி குளிக்கிறவர்கள். எல்லோரும் ஒன்றாகக் குதித்துவிட்டு, ஏணியை இறக்க மறந்துபோன கதை இங்கே ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறது. பாய்மரப் படகின் பக்கச்சுவர் ஒரு மீட்டருக்கு மேல் உயரம், பிடிப்பில்லாத வழுவழுப்பு. களைத்தவரால் ஏற முடியாது. ஏணி இறங்கிய பிறகே முதல் ஆள் இறங்க வேண்டும். படகில் எப்போதும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவருக்கு எஞ்சின் கிளப்பத் தெரிந்திருக்க வேண்டும். ஊதிய மெத்தையில் குழந்தைகளை விட்டால் படகோடு கயிறு கட்டிவிடுங்கள். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது தண்ணீர் அமைதியாக இருக்கும், மெத்தை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தில் சுற்றும் சிறு மோட்டார் படகுகளையும் கவனியுங்கள். ஸ்பெயினில் 5 மீட்டருக்கு உட்பட்ட, 15 குதிரைத்திறன் வரையிலான படகைப் பகலில் உரிமம் இல்லாமலே ஓட்டலாம். அன்று காலைதான் சுக்கானைப் பிடித்தவர் உங்கள் பிள்ளையின் தலையைப் பார்ப்பார் என்று நம்ப வேண்டாம்.

மதியத்துக்கு மேல் காலா சவோனாவுக்குப் போவது வழக்கம். சிவந்த பாறைகளுக்கு நடுவே அழகான குடா; சூரியன் மறைவதைப் பார்க்கவே வருவார்கள். மேற்கே பார்த்துத் திறந்திருப்பதால்தான் அந்தக் காட்சி. மேற்கிலிருந்து காற்று வந்தால் அலை நேராக உள்ளே வருவதும் அதனால்தான். இரவு அங்கே தங்குவதானால் அறிக்கையை மாலையில் இன்னொரு முறை பாருங்கள்.

ஆகஸ்ட் பாதிக்கு மேல் இது இன்னும் முக்கியம். கடல் நன்றாகச் சூடேறியிருக்கும். மேலே குளிர்ந்த காற்றுமண்டலம் வந்து நின்றால் இடிமழையோடு காற்று நிமிடங்களில் திசை மாறும். 2024 ஆகஸ்ட் 14 அன்று அடித்த புயலில் ஃபோர்மென்தெராவில் நங்கூரமிட்டிருந்த படகுகள் பல கரையில் ஏறிக் கிடந்தன. ஸ்பெயின் வானிலை மையமான அயெமெட் இடிமழைக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால் நான் குடாக்களில் நிற்பதில்லை. லா சவீனா துறைமுகத்தில் இடம் கிடைத்தால் அங்கே, இல்லாவிட்டால் இபிசாவுக்கே திரும்பிவிடுவேன். விருந்தினர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இரவில் நங்கூரம் இழுபட்டால் முதலில் எஞ்சின். பின்னால் இடமிருந்தால் இன்னும் சங்கிலி விடுங்கள். இல்லையென்றால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வெளிக்கடலுக்குப் போங்கள். பக்கத்துப் படகைக் கையாலோ காலாலோ தள்ளி நிறுத்தப் பார்க்காதீர்கள், பத்து டன் எடை நசுக்கிவிடும். நங்கூரத்தைத் தூக்குவதற்கு நேரமே இல்லையென்றால் சங்கிலியைக் கைவிட்டுத்தான் தப்ப வேண்டும். அதனால் படகை ஒப்புக்கொள்ளும் அன்றே சங்கிலிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சங்கிலியின் கடைசி முனை படகோடு கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும், கத்தியால் அறுக்கத் தோதாக அந்தக் கயிறு மேல்தளம் வரை நீள வேண்டும். இரும்புப் பூட்டால் நேராகப் பிணைத்திருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே மாற்றித் தரச் சொல்லுங்கள்.