கேஸ் கிணற்றுக்கு யார் கையெழுத்துப் போடுவது?

2025 ஆகஸ்ட் கடைசியில் உச்சிப்புளியில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவர் பேப்பரை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, மார்ச் மாசம் அனுமதி குடுத்தது தமிழ்நாட்டு ஆணையம்னு போட்டிருக்கான். இப்ப விடமாட்டோம்னு சொல்றது தமிழ்நாட்டு மந்திரின்னும் போட்டிருக்கான். இதுல எதுப்பா அரசாங்கம்?"

ராமநாதபுரம் பக்கம் எண்ணெயும் கேஸும் இருக்கிறதா என்று பார்க்க 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட, ஒன்றிய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி கேட்டிருந்தது. மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் மார்ச்சில் சரி என்றது. சேதி ஆகஸ்டில் வெளியே வந்ததும் ஊர்கள் கொதித்தன, அமைச்சர் தங்கம் தென்னரசு தமிழக அரசு இதை அனுமதிக்காது என்றும், கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருக்கிறோம் என்றும் அறிவித்தார். அன்றைக்கு நான் சித்தப்பாவுக்குச் சொன்ன பதில் அரைகுறை. முழுசாகச் சொல்லவேண்டும் என்றால் சட்டத்தில் ஆரம்பிக்கக்கூடாது, மண்ணில் ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் ஒன்று. கேஸ் இனிமேல்தான் நம்ம ஊருக்கு வரப்போகிறது என்று நினைப்பவர்கள், ராமேசுவரம் சாலையில் வழுதூரைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும். அங்கே இருக்கும் மின்சார வாரியத்தின் எரிவாயுச் சுழலி நிலையம் 2003 முதல் நம் காலுக்குக் கீழே இருந்து வரும் கேஸில்தான் ஓடுகிறது. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கிடந்து பிரிந்த காலத்தில் நிலம் விரிசல்விட்டு இறங்கிய பள்ளங்கள்தான் காவிரிப் படுகை. டெல்டா மட்டும்தான் அந்தப் படுகை என்று பலர் நினைக்கிறார்கள், அது ராமநாதபுரம் வழியாகப் பாக் நீரிணைக்குள்ளும் போகிறது. மண்டபத்தில் இருந்து நெடுந்தீவுப் பக்கம் ஒரு பாறை மேடு பூமிக்கடியில் ஓடுகிறது. அதற்கு வடக்கே ஒரு பள்ளம், தெற்கே மன்னார் வளைகுடாப் பள்ளம். கோடிக்கணக்கான வருஷமாக அந்தப் பள்ளங்களில் சேறு படிந்து, அதில் புதைந்த உயிர்ப்பொருள் வெந்து, எண்ணெயும் வாயுவுமாகி, மணற்பாறைகளின் நுண்துளைகளில் போய் ஒதுங்கியிருக்கிறது. கீழே குளமோ ஏரியோ கிடையாது. ஈரம் ஊறிய செங்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேலே, கிட்டத்தட்ட நம் கைக்கு எட்டும் தூரத்தில், இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது. கடலுக்கு ஐம்பதடி தள்ளி மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றும் பெண்களை நம் கரையில் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. அத்தனை உப்புக்குப் பக்கத்தில் எப்படி இனிக்கிறது? மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேலே மிதக்கிறது, அவ்வளவுதான். கடல்நீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்குதான் கனம். அந்தச் சின்ன வித்தியாசத்தால் வருகிற கணக்கு விசித்திரமானது: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் போட்டால், மேலே ஒரு மீட்டரை உறிஞ்சி எடுத்துவிட்டால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறி வரும். மோட்டார் வைத்து இறைத்த கிணறுகள் சில வருஷத்திலேயே உவர்த்துப்போன கதை கரையோரம் எத்தனை!

கேஸ் கிணறு இந்த மெல்லிய தண்ணீர்ப் படலத்தைக் குத்திக்கொண்டுதான் கீழே போயாக வேண்டும்.

வீட்டுக்கு போர் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. இது இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழம். பத்து மீட்டர் தண்ணீர் ஒரு வளிமண்டல அழுத்தம் கொடுக்கும் என்றால் 2500 மீட்டர் ஆழத்தில் குறைந்தது 250. கார் டயருக்குள் இருப்பது சுமார் இரண்டுதான். சூடும் அப்படித்தான், நூறு மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று டிகிரி ஏறும், அடியில் பாறையே கொதிநீரைவிடச் சூடு. இவ்வளவு அழுத்தத்தில் இருக்கும் வாயுவுக்குத் திடீரென்று மேலே ஒரு வழி திறந்தால் என்ன ஆகும்? அதைத் தடுக்கிற முதல் காவல் சேறு. பெண்டோனைட் களிமண்ணும் பேரைட் என்ற கனமான தாதுப்பொடியும் கலந்த சேற்றைத் துளைக்கும் குழாய் வழியாகக் கீழே செலுத்திக்கொண்டே இருப்பார்கள். அது முனையைக் குளிரவைக்கும், வெட்டிய கல்துகளை மேலே தூக்கி வரும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் எடையால் வாயுவை அமுக்கிப் பிடிக்கும். எடை குறைந்தால் வாயு ஏறும். அதிகமானால் பாறை பிளந்து சேறே உள்ளே ஓடிவிடும். ரிக்கில், அதாவது துளைபோடும் கோபுர எந்திரத்தில், இருப்பவர்களின் வேலையில் பாதி இந்தத் தராசைப் பிடிப்பதுதான்.

இரண்டாவது காவல்தான் நம் ஊற்றுக்கு முக்கியம். நல்ல தண்ணீர் அடுக்குகளைத் தாண்டும்வரை துளைத்ததும் நிறுத்தி, இரும்புக் குழாயை இறக்கி, அதன் உள்ளே சிமென்ட் கூழை அழுத்துவார்கள். கூழ் அடியில் வெளியே வந்து, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள வளையத்தில் தரைமட்டம் வரை ஏறி இறுகும். பிறகு அதற்குள்ளேயே சின்னக் குழாய், மறுபடி சிமென்ட், அப்புறம் இன்னும் சின்னது. தொலைநோக்கி மடிப்பு மாதிரி. சிமென்ட் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒலிக்கருவி ஒன்றை உள்ளே இறக்குவார்கள். குழாய் கணீரென்று ஒலித்தால் பின்னால் சிமென்ட் இல்லை, மழுங்கலாகக் கேட்டால் ஒட்டியிருக்கிறது. (சந்தையில் பானையைத் தட்டி வாங்குவதற்கு நேர்த் தலைகீழ்.) கிணற்றின் தலையில் ராட்சத வால்வுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். சேறு தோற்றுவிட்டால் நொடியில் மூடுவதற்கு.

2020 மே 27 அன்று அசாமின் பாக்ஜானில் கிணறு பீறிட்டு, ஜூன் 9-இல் தீப்பிடித்து, நவம்பர் வரை அணைக்க முடியாமல் எரிந்தது. புதிதாகத் துளைக்கும்போது நடந்ததுகூட அல்ல, ஓடிக்கொண்டிருந்த கிணற்றில் பராமரிப்பு வேலை. உள்ளே போட்ட சிமென்ட் அடைப்பு சரியாக இறுகிச் சோதிக்கப்படும் முன்பே மேலிருந்த வால்வுத் தொகுதியைக் கழற்றியதைத்தான் விசாரணைகள் சுட்டிக்காட்டின. ஆந்திராவின் பாசர்லபூடியில் 1995-இல் பீறிட்ட கிணறு 65 நாள் எரிந்தது. அபாயம் என்றால் இவைதான் உடனே நினைவுக்கு வரும், ஆனால் எனக்கு அதைவிடப் பயம் சத்தமே இல்லாமல் விரிசல்விடும் சிமென்ட் வளையத்தின் மேல். அது பேப்பரில் வராது.

சரி, இப்போது சித்தப்பாவின் கேள்வி.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 53-வது வரி, எண்ணெய் வயல்களை ஒழுங்குபடுத்துவதை டெல்லியிடம் கொடுத்துவிட்டது. அதன்படி இருப்பது 1948 எண்ணெய் வயல்கள் சட்டம், அதன் கீழே 2025 வரை இருந்தவை 1959 விதிகள். அந்த விதிகள் நம் மாவட்டத்தைக் கடற்கரையிலேயே இரண்டாக வெட்டின. கடலுக்கு அடியில் இருப்பதற்கு உரிமம் கொடுப்பது ஒன்றிய அரசு, மாநிலத்துக்கு அங்கே பேச்சே இல்லை. கரைமேல் உரிமம் கொடுப்பது மாநில அரசு, ஆனால் ஒன்றிய அரசின் முன் ஒப்புதலோடு. மணற்பாறைக்கு அலை எங்கே முடிகிறது என்று தெரியாது, ஒரே அடுக்கு இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கும். சட்டத்துக்கு மட்டும் தெரியும். நடைமுறையில் எந்தப் பரப்பை யாருக்குக் கொடுப்பது என்ற ஏலம் டெல்லியில் முடிந்த பிறகுதான் சென்னைக்குக் காகிதம் வரும். கரையில் எடுக்கும் கேஸுக்கு ராயல்டி மாநிலத்துக்கு, கிணற்றுவாய் மதிப்பில் பத்து சதவீதம். ஆக, மாநிலத்தின் கையெழுத்து தேவை, ஆனால் முதல் கையெழுத்து அதனுடையது அல்ல.

இதுவரை பேசியது பொருள் யாருடையது என்பதைப் பற்றி. அதைத் தோண்டுவதால் வரும் கேட்டைப் பார்ப்பது வேறு வாசல். 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையில் எண்ணெய்க் கிணறு என்றால், ஆய்வோ உற்பத்தியோ, டெல்லி அமைச்சகம்தான் பார்க்கும், மக்கள் கருத்துக்கேட்பும் உண்டு என்று இருந்தது. 2020 ஜனவரி 16 அன்று ஒரு திருத்தம் வந்தது. ஆய்வுக் கிணறுகள் மட்டும் பி-2 என்ற சாதாரண வகைக்கு இறங்கின. பி-2 என்றால் மாநில அளவிலேயே முடிவு, கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. 2025 மார்ச்சில் இங்கே யாருக்கும் தெரியாமல் காரியம் நடந்ததன் காரணம் ஒளித்துவைத்தது அல்ல, கூட்டம் போடவேண்டிய அவசியமே சட்டத்தில் இல்லை. என் ஆட்சேபம் இங்கேதான். ஆய்வுக் கிணறு என்ற பெயரைக் கேட்டால் ஏதோ மண் மாதிரி எடுத்துப் பார்ப்பது போலத் தோன்றும். ஆனால் ரிக் அதே ரிக், ஆழம் அதே ஆழம், நல்ல தண்ணீரைக் குத்தும் துளையும் அதே துளை. கீழே என்ன அழுத்தம் காத்திருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாமல் இறங்குவது வேறு. அப்படிப் பார்த்தால் கேள்வி கேட்க வேண்டிய கிணறே அதுதான்.

அந்த ஆணையம் யாருடையது? மூன்று பேர் கொண்ட அமைப்பு. பெயர்களைப் பரிந்துரைப்பது மாநிலம், அமைப்பது சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு. உட்காரும் இடம் சென்னை, அதிகாரம் வருவது டெல்லியில் இருந்து. அதனால்தான் அது ஒன்று சொல்ல, அமைச்சர் வேறொன்று சொல்ல முடிந்தது. சித்தப்பா குழம்பியதில் தப்பே இல்லை.

அப்புறம் மாநிலத்தின் கையில் மிச்சம் என்ன? நிறையவே இருக்கிறது, ஆனால் சிதறிக்கிடக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் இசைவு வாங்காமல் ரிக்கைக் கொண்டுவந்து நட முடியாது. நிலம், பாதை, வருவாய்த்துறை எல்லாம் கலெக்டர் ஆபீஸ் வழியாக. குழாய் பதிப்பது மட்டும் விதிவிலக்கு. அதற்கு 1962-ஆம் வருஷத்து ஒன்றியச் சட்டம் ஒன்று உண்டு, பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் அடியில் குழாய் போடும் உரிமை அவர்களிடம் போய்விடும். மேலே வீடு கட்டவோ மரம் வைக்கவோ முடியாது.

தமிழ்நாடு 2020-இல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார். இல்லை. தஞ்சை, திருவாரூர், நாகை, பிறகு கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்கள் என்று போகும் அந்தப் பட்டியலில் ராமநாதபுரம் இல்லை. நாம் குண்டு மிளகாயும் மானாவாரி நெல்லும் போடுகிறோம், இருந்தும் சட்டத்தின் கண்ணுக்கு நாம் டெல்டா அல்ல. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை தடுக்குமா என்றால், சுரங்கம் கூடாது என்று சொல்லும் அதே இடத்தில் எண்ணெய், எரிவாயுவுக்கு விலக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். உறுதியான வேலி என்றால் 1986-இல் அறிவித்த மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். அதுவும் தண்ணீருக்குள் போட்ட வேலி.

சேற்றையும் கல்துகளையும் என்ன செய்வது என்பதற்கு 2005-இல் ஒன்றிய அரசு வகுத்த விதிகள் இருக்கின்றன. தண்ணீர் கலந்த சேறுதான் முதல் தேர்வு, குழிக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, கரையில் இருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் கடலில் துளைத்தால் கடலுக்கும் கரைக்கும் கேடு வராமல் பார்க்க வேண்டும், கேடு தெரிந்தால் துகளைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ரிக்கின் பாதுகாப்பைப் பார்ப்பது இன்னொருவர்: தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம். சட்டப்படி எண்ணெய்க் கிணறும் ஒரு சுரங்கம். 1948 சட்டத்தின் விதிகளை மீறினால் ஆறு மாதம் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் என்று வெகுகாலம் இருந்தது. ஆயிரம் ரூபாய்! 2025-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம் சிறையை எடுத்துவிட்டு அபராதத்தை 25 லட்சம் வரை உயர்த்தியது.

அடுத்த முறை போனபோது இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சித்தப்பா, "அப்ப அந்த சிமென்ட்டு நல்லா இருக்கா இல்லையான்னு நமக்கு யாரு சொல்வா?" என்றார். கிணற்றை மூடும்போது அடியில் இருந்து மேலே வரை சில இடங்களில் சிமென்ட் அடைத்து, குழாயைத் தரைக்குக் கீழே அறுத்து, தகடு வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். அதன் பிறகு அது வெறும் கருவேலங்காடு. நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய எந்தக் கம்பெனியும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஜூன் 1, டிசம்பர் 1, நிபந்தனைகளைக் கடைப்பிடித்த விவரத்தை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம்.

"ஜூன் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். காலண்டர் அடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பேனாவை எடுத்து, டிசம்பர் ஒன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஜூன் தாள் ஏற்கனவே கிழித்தாயிற்று.