கடைச்சல்: லேத்துக்கு நம்மிடம் இருந்த பெயர்

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவிப் பக்கம் பழைய லேத் (துண்டைச் சுழற்றி உளியால் சீவும் மெசின்) ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுப் பட்டறைக்கு அளவான சிறிய மெசின் தேடிக்கொண்டிருந்த நேரம். "கடைச்சல் மெசினோ தம்பி? பின்னுக்குக் கிடக்கு, வாங்கோ" என்றார் வீட்டுக்கார ஐயா. நான் தேடி வந்த பொருளின் சரியான தமிழ்ப் பெயர் அவர் வாயில் இயல்பாக வந்தது.

கடைச்சல், கடைசல் இரண்டும் ஒன்றுதான். வேர் 'கடை' என்ற வினை. கயிற்றை மாறி மாறி இழுக்க மத்து சுழல்கிறது, தயிர் கடைபடுகிறது. தீக்கடைகோலிலும் அதே அசைவு. அந்தக் காலக் கடைச்சற்காரரும் மரத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றித்தான் உளி பிடித்தார். கட்டில் கால், தொட்டில் கால் எல்லாம் அப்படிக் கடைந்தவை. பிறகு கயிற்றின் இடத்துக்கு மோட்டார் வந்தது, மரத்தோடு இரும்பும் ஏறியது. 'கடைசி' என்பதில் வரும் கடை வேறு.

லேத்தைச் 'சுழற்றும் இயந்திரம்' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விசிறியும்தான் சுழல்கிறது. துண்டு சுழல, உளி அதைச் சீவுவதே கடைசல். எழுத்தில் கடைசற்பொறி என்போம். பேச்சில் லேத் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐயாவின் மெசினில் பெயர்த்தகடு இல்லை. அப்படியானால் அளந்துதான் இனங்காண வேண்டும். பிரித்தானியர் படுகையிலிருந்து (மெசினின் நீண்ட அடித்தளம்) சுழல்மையம் நிற்கும் உயரத்தை அளவாகச் சொல்வார்கள். அமெரிக்கர் படுகைக்கு மேல் சுழலக்கூடிய துண்டின் விட்டத்தை. இங்கிலாந்தின் மைஃபோர்ட் எம்எல்7 லேத் அதனால் அங்கே 3½ அங்குலம், அமெரிக்கக் கணக்கில் 7. விலை பேசுமுன் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல பழைய மெசின்களில் தொடரிலக்கம் படுகையின் வலக்கோடியில் அடித்திருக்கும். கிரீசைத் துடைத்துப் பார்த்தால் தெரியும்.

2008இல் போரின்போது மெசினை விட்டுவிட்டு இடம்பெயர்ந்த ஐயா திரும்பியபோது கொட்டில் இல்லை, மெசின் மட்டும் துருவேறி நின்றதாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் தண்ணீர்ப் பம்புக்குப் புஷ், உழவு இயந்திரத்துக்கு அச்சு எல்லாம் இதில்தான் என்று படுகையைத் தடவிக் காட்டினார். "எல்லாம் நானே கடைஞ்சது, தம்பி."