ஓர்க்கா: 'கொலைகாரத் திமிங்கலம்'னு சொல்றது சரியா?

கருப்பு வெள்ளையா, முதுகுல கத்தி மாதிரி துடுப்போட இருக்குமே, அந்த ஓர்க்காவுக்குத் தமிழ்ல நாம வழக்கமா போடுற பேரு கொலைகாரத் திமிங்கலம், கொஞ்சம் மரியாதையா கொலையாளித் திமிங்கலம். ரெண்டுமே இங்கிலீஷ்ல இருந்து அப்படியே இறக்குனதுதான், ஆனா அந்த இங்கிலீஷ் பேரே கோளாறு. பெரிய திமிங்கலங்களைக் கூட்டமா சேர்ந்து வேட்டையாடுறதப் பாத்த மாலுமிங்க 'திமிங்கலத்தைக் கொல்றது'ன்னு சொல்லப்போய் அது தலைகீழாகி 'கொல்லுற திமிங்கலம்' ஆயிடுச்சும்பாங்க. உண்மையில இது பெரிய திமிங்கலங்களோட சேராது, டால்பின் குடும்பத்துலயே பெருசு.

ஓர்க்காங்கறது லத்தீன் சொல்லு. ரோம்ல பிளினிங்கற எழுத்தாளர் காலத்துலயே கடல்ல இருக்குற ஒரு பயங்கரப் பிராணிக்கு இந்தப் பேரு இருந்துச்சு, பானை, பீப்பாய்க்கும் அதே சொல்லுதான். 1758-ல உயிரினங்களுக்குப் பேர் வச்ச விஞ்ஞானி லின்னேயஸ் அறிவியல் பேர்ல இதையே வச்சாரு. இப்போ இருக்குற அறிவியல் பேரு 'ஓர்சினஸ் ஓர்க்கா'வுல முன்னாடி வர்ற 'ஓர்சினஸ்' இருக்கே, அது ரோமர்களோட பாதாள தெய்வம் ஓர்க்கஸ் சம்பந்தப்பட்டது, நம்ம ஊர்ல எமன்னு சொல்ற மாதிரி. ஆக அறிவியல் பேர்லயும் சாவு வாசனை போகல.

பேரு பண்ற வேலையைப் பாக்கணும்னா கனடாவுக்குப் போகணும். சால்மன் மீனைத் தின்னுடுதுன்னு 1960-களோட தொடக்கத்துல வான்கூவர் தீவு கிட்ட ஓர்க்காவைச் சுட அரசாங்கமே மெஷின் கன் வச்சிருந்துச்சு (நல்லவேளை, ஒரு தடவைகூட சுடல). 1964-ல வான்கூவர் அக்வேரியம் சிலை செய்ய மாடல் வேணும்னு ஒன்ன ஈட்டியால குத்துனாங்க, அது சாகல. இழுத்துட்டு வந்து மோபி டால்னு பேரு வச்சாங்க. கிட்டத்தட்ட மூணு மாசம்தான் இருந்துச்சு, ஆனா ராட்சசன்னு நினைச்சது சாதுவா நிக்குறத ஜனங்க முதல் தடவையா பாத்தாங்க. அதோட விளைவு ரெண்டு பக்கமும் போச்சு: பயம் குறைஞ்சுது, கூடவே காசு கொடுத்துப் பாக்குற ஆசையும் வந்துடுச்சு, அதுக்காக வான்கூவர் தீவுக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்கும் நடுவுல வாழுற தெற்குப் பகுதிக் கூட்டத்துல இருந்து ஏறக்குறைய 50 போச்சு, பிடிச்சதும் பிடிக்கும்போது செத்ததும் சேர்த்து. 1976-ல வாஷிங்டன் மாநிலத்துல விமானமும் வெடியும் வச்சு ஓர்க்காவை விரட்டிப் பிடிக்கிறத ஆளுநரோட உதவியாளர் ரால்ஃப் மன்ரோ படகுல இருந்து நேரா பாத்து கொதிச்சுப்போக, மாநிலமே கேஸ் போட்டு அங்க பிடிக்கிறது நின்னுச்சு.

என்னைக் கேட்டா உண்மையான பொதுக்கல்வி தொடங்குனது தொட்டிக்கு வெளியதான். மைக்கேல் பிக்னு ஒரு விஞ்ஞானி, முதுகுத் துடுப்பையும் அதுக்குப் பின்னாடி இருக்குற சாம்பல் தழும்பையும் போட்டோ எடுத்தா ஒவ்வொண்ணையும் தனியா அடையாளம் காணலாம்னு காட்டுனாரு. அப்புறம் 'ஒரு கொலைகாரத் திமிங்கலம்'னு யாரும் சொல்லல, ஜே35ங்கற மாதிரி (ஜேங்கற கூட்டத்துல 35-ம் எண்) தனித்தனியா பேரு சொன்னாங்க. வாஷிங்டன் மாநிலத்துல ஃப்ரைடே ஹார்பர்ங்கற ஊர்ல 1979-ல திமிங்கல மியூசியம் திறந்தாங்க, ஓர்க்காவை அடையாளமா தத்தெடுக்குற திட்டமும் வந்துச்சு, கரையில நின்னே பாக்குறதுக்கு லைம் கில்ன் பார்க் இருக்கு, படகுக்காரங்க கிட்ட கடல்லயே போய் 'எஞ்சின் சத்தத்துல அதுங்களால எதிரொலி வச்சு மீன் தேட முடியாது, தள்ளி நில்லுங்க'ன்னு எடுத்துச் சொல்ற சவுண்ட்வாட்ச் ஆளுங்களும் இருக்காங்க. 2018-ல அதே ஜே35 செத்த குட்டியை 17 நாள் சுமந்துக்கிட்டே திரிஞ்சப்போ உலகமே அழுதுச்சுன்னா, அதுக்குப் பேரு தெரிஞ்சிருந்ததும் ஒரு காரணம். 2025-ல இருந்து வாஷிங்டன்ல இந்தத் தெற்குப் பகுதிக் கூட்டத்துல இருந்து படகு 1000 கஜம் தள்ளித்தான் நிக்கணும்னு சட்டம். அப்படியும் அந்தக் கூட்டம் 75-ஐச் சுத்தியேதான் நிக்குது, அதுங்களோட முக்கிய இரையான சினூக் சால்மன் மீன் இல்லாம ஜனங்க மனசு மாறி மட்டும் என்ன பண்ண.

அங்கயே வாழுற லம்மி பழங்குடிங்க இதை 'அலைக்கு அடியில இருக்குற நம்ம சொந்தக்காரங்க'ன்னு சொல்றாங்க, அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கல.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? திமிங்கிலம் வடமொழிச் சொல்லு, 'திமி'ங்கற பெரிய மீனையே விழுங்குறதுன்னு அர்த்தம், அது இதுக்கு ஒட்டாது. டால்பினுக்கு நம்மகிட்ட ஓங்கில்னு நல்ல சொல்லு இருக்கு. இலங்கைக் கடல்லயும் ஓர்க்கா தட்டுப்பட்டிருக்குறதால நமக்கு ஒரு பேரு தேவைதான். கருவெள்ளை ஓங்கில்னு வைக்கலாம்னு ஆசை, ஆனா கேட்டவங்க வேற ஏதோ டால்பின்னு நினைச்சுக்குவாங்க. அதனால நான் முதல் தடவை 'ஓர்க்கா ஓங்கில்'னு எழுதிட்டு, அப்புறம் வெறும் ஓர்க்கான்னே விட்டுடுறேன்.