23 நாய் இனங்களுக்குத் தடை: ரத்தானது எது, நடப்பில் இருப்பது எது?

ராட்வைலர் இன நாயை வளர்ப்பது சட்டப்படி குற்றமா? இந்தியா முழுவதற்குமான அப்படி ஒரு தடை இப்போது இல்லை. 2024இல் 23 இனங்களைப் பட்டியலிட்டு ஒன்று வந்தது, ஏறக்குறைய ஒரே மாதத்தில் நீதிமன்றத்தில் விழுந்தது. ஆனால் உங்கள் ஊர் மாநகராட்சி தனியாக விதி போட்டிருக்கலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அந்தப் பழைய பட்டியல் இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்தத் தடை வந்த கதை. ஆபத்தான நாய்களைத் தடை செய்யக் கோரி டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு போனது. கோரிக்கையைப் பரிசீலித்து மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்குமாறு 2023 டிசம்பரில் நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. மத்திய கால்நடை பராமரிப்பு, பால்வளத் துறை ஒரு நிபுணர் குழுவைக் கூட்டி, 2024 மார்ச் 12ஆம் தேதி எல்லா மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அதில் சொன்ன இனங்களை இறக்குமதி செய்யக் கூடாது, இனப்பெருக்கம் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, வளர்க்க லைசென்ஸ் தரக் கூடாது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நாய்களுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும். கலப்பினங்களுக்கும் இதே கதி.

பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் எதிர்ப்பு ஏன் கிளம்பியது என்று புரியும். பிட்புல், ராட்வைலர், கேன் கோர்சோ, டோகோ அர்ஜென்டினோ, காக்கேசியன் ஷெப்பர்டு எல்லாம் இருக்கின்றன, சரி. ஆனால் ‘டோசா இனு’ ஒரு இடத்திலும் ‘ஜப்பானிய டோசா’ இன்னொரு இடத்திலும் வருகின்றன. இரண்டும் ஒரே நாய்தான். ‘டெரியர்கள்’ என்று பொதுவாக ஒரு சொல் இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொண்டால் கைப்பைக்குள் அடங்கும் யார்க்‌ஷயர் டெரியர்கூட மனித உயிருக்கு ஆபத்தான நாய் ஆகிவிடும். கடைசியில் ‘பேன்டாக் என்று பொதுவாக அழைக்கப்படும் வகை நாய்கள் அனைத்தும்’ என்று ஒரு வரி. எதை அளந்து, எப்படிப் பார்த்து ஒரு நாய் அந்த வகை என்று முடிவு செய்வது என்பதற்கு விளக்கம் இல்லை. அதை முடிவு செய்ய வேண்டிய ஆளோ மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு ஊழியர்.

கருத்தடை விஷயம் இன்னும் மோசம். சுற்றறிக்கை தப்பு என்று நாளைக்கே தீர்ப்பு வந்தால் லைசென்ஸைத் திருப்பித் தரலாம். செய்த அறுவை சிகிச்சையை என்ன செய்வது?

நாய் வளர்ப்பவர்களும் பயிற்சியாளர்களும் பல உயர் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் முதலில் சுற்றறிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது, பிறகு 2024 ஏப்ரல் 10ஆம் தேதி அதை ரத்து செய்தது. பாதிக்கப்படக்கூடியவர்கள் யாரையும் கேட்கவில்லை, இன்னது இன்ன இனம் என்று சான்று தரும் அமைப்புகள் எதுவும் குழுவில் இல்லை, பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் அதன் விதிகளும் தராத அதிகாரத்தை ஒரு சுற்றறிக்கையால் உண்டாக்கிக்கொள்ள முடியாது என்பவை முக்கியக் காரணங்கள். அதே தீர்ப்பில் உரிமையாளர்களுக்கும் ஒரு குட்டு உண்டு. நாய் யாரையாவது கடித்தால் சிகிச்சைச் செலவு முழுவதும் வளர்த்தவருடையது, நஷ்டஈடு அதற்கு மேல் தனி. ஆறு நாள் கழித்து டெல்லி உயர் நீதிமன்றமும் ரத்து செய்து, மக்களிடம் ஆட்சேபம் கேட்டுவிட்டுப் புதிதாக முடிவெடுக்கச் சொன்னது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘இனம் பார்த்துத் தடை விதிக்கவே கூடாது’ என்று நீதிமன்றங்கள் சொல்லவில்லை. போன வழிதான் தப்பு என்றன. முறைப்படி விதி கொண்டுவந்தால் இதே விவாதம் மறுபடி எழும்.

தமிழ்நாட்டுக் கதை இன்னும் அவசரமானது. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் காவலாளியின் ஐந்து வயது மகளைக் கடித்துக் குதறின. ஊரே கொதித்தது. சில நாளில் மாநிலக் கால்நடைத் துறை அதே 23 இனங்களுக்குத் தடை என்று உத்தரவு போட்டு, போட்ட வேகத்திலேயே திரும்பப் பெற்றது. மூல சுற்றறிக்கையே ரத்தாகிவிட்ட நிலையில் அது நின்றிருக்காது.

உள்ளாட்சிகள் போடும் விதி வேறு கணக்கு. காசியாபாத் மாநகராட்சி 2022லேயே பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ மூன்றையும் தடை செய்தது. சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் புதிய லைசென்ஸ் இல்லை என்று தீர்மானம் போட்டது. அந்த ஆகஸ்டில்தான் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்திருந்தார். ஆக, சென்னையில் இருப்பவர் ‘தடைதான் ரத்தாகிவிட்டதே’ என்று ராட்வைலர் குட்டி வாங்கினால் சிக்கிக்கொள்வார். வாங்கும் முன் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ இன்றைய நிலையைக் கேட்டுவிடுங்கள். குட்டி விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள்.

இனத் தடையை எதிர்ப்பவர்கள் எல்லாரும் ‘எல்லா நாயும் ஒன்றுதான்’ என்று வாதிடுவதாக நினைத்தால் அது சரியில்லை. ஐம்பது கிலோ நாய் கடிப்பதும் பொமரேனியன் கடிப்பதும் ஒன்றல்ல, அது எல்லாருக்கும் தெரியும். வாதம் என்னவென்றால், எந்த நாய் கடிக்கும் என்பதை இனப் பெயர் சொல்லிவிடாது. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிவது சுமார் 9 சதவீதம்தான் என்றது. மீதி வளர்ப்பு, பழக்கம், அடைத்து வைத்தல், பயம், அந்தந்த நாயின் சுபாவம். அதோடு பிட்புல் என்று இங்கே விற்கப்படும் நாயை எந்தச் சான்றிதழை வைத்து அடையாளம் காண்பது? அமெரிக்கன் பிட்புல் டெரியரைப் பன்னாட்டு நாய்க் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. ஓர் இனமாகவே ஏற்கவில்லை. தடை வந்ததும் ‘இது லாப்ரடார் கலப்பு சார்’ என்று சொல்லிவிட்டால் போதும்.

பிரிட்டன் 1991 முதல் நான்கு வகை நாய்களைத் தடை செய்து வைத்திருந்தது. அப்புறம் எக்ஸ்எல் புல்லி என்று இன்னொன்று வந்து ஆட்களைக் கொன்றது, 2023இல் அதையும் பட்டியலில் சேர்த்தார்கள். நெதர்லாந்து 1993இல் போட்ட பிட்புல் தடையைச் சுமார் பதினைந்து ஆண்டுக்குப் பிறகு கைவிட்டது. கடி குறையவில்லை என்பதே காரணம்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மிடம் சட்டத்துக்குப் பஞ்சமில்லை, அதை நாயின் சொந்தக்காரர் மேல் பாய்ச்சத்தான் ஆள் இல்லை. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவுப்படி, தன்னிடம் உள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறுபவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இனம் எதுவானாலும் இது பொருந்தும். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், எப்போதும் கட்டிப்போட்ட நாயை நடக்க விடாமல் வைத்திருப்பதையே குற்றம் என்கிறது. மொட்டை மாடியில் வருஷக்கணக்கில் சங்கிலியில் கிடந்து வெறியேறும் நாய்தான் ஒரு நாள் கேட்டைத் தாண்டி ஓடுகிறது. 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. குட்டி வாங்கிய எத்தனை பேர் பதிவு எண்ணைக் கேட்டிருப்பார்கள்?

ஏற்கெனவே இந்த இன நாயை வைத்திருப்பவர்கள் லைசென்ஸையும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றையும் நாள் தவறாமல் புதுப்பித்துக் கையில் வைத்திருங்கள். சென்னையில் மைக்ரோசிப்பும் பொருத்த வேண்டும். வெளியே கூட்டிப்போகும்போது கழுத்து வாரும் வாய்மூடியும் இருக்கட்டும், வாரைப் பிடிப்பவர் அந்த நாயை இழுத்து நிறுத்தும் பலம் உள்ளவராகவும் இருக்கட்டும். பயந்துபோய் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும் அதே 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்தான்.

அடுக்குமாடிச் சங்கம் ‘இந்த இனம் இங்கே கூடாது’ என்று தீர்மானம் போட்டால்? இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் வளர்ப்பு நாயை இனத்தையோ அளவையோ காட்டிச் சங்கம் தடுக்க முடியாது. பொது இடத்தை அசுத்தம் செய்யாதே, வாரில்லாமல் விடாதே என்று கேட்டால் அது நியாயம், கேட்டு நடப்பதே நல்லது. வீட்டைக் காலி செய் என்று மிரட்டினால் மட்டும், எந்தச் சட்டப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.