காரில் ஏர்பேக் கட்டாயம். அது விரிவது கட்டாயமா?

முன்பக்கம் நொறுங்கிய காரின் படத்தைப் போட்டு, "ஏர்பேக் விரியவே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்று கொதிப்பவர்கள் உண்டு. சில சமயம் அந்தக் கோபம் நியாயமானது. பல சமயம் அது விரியாமல் இருந்ததுதான் சரி. எது எப்போது என்று பிரித்துப் பார்க்க, சட்டம் என்ன கேட்கிறது என்பதோடு அந்தப் பை எப்படி முடிவெடுக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

முதலில் சட்டம். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். பக்கத்து இருக்கைக்கான ஏர்பேக் 2021 ஏப்ரல் 1 முதல் புது மாடல்களுக்கும், 2022 தொடக்கத்திலிருந்து ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் கட்டாயமானது. ஆக, சட்டப்படி இரண்டு. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று பலர் நம்புகிறார்கள். அது 2022 ஜனவரியில் வரைவாக வந்தது, 2023 அக்டோபருக்குத் தள்ளிப்போனது, அதற்கு முந்தின மாதமே கட்டாயமாக்கப் போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார். இன்று பல கார்களில் ஆறு வருகிறதென்றால், அது போட்டியாலும், காரை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு மதிப்பிடும் பாரத் என்கேப் திட்டத்தின் நட்சத்திரங்களாலும் வருவது.

கட்டாயம் என்றால் காரில் பொருத்தியிருக்க வேண்டும் என்று பொருள். எல்லா விபத்திலும் விரிந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. விற்பனைக்கு அனுமதி பெற, காரை மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் ஒரு தடுப்பின் மீது முகப்பில் 40% மட்டும் படும்படி மோதவிட்டு, உள்ளே இருக்கும் பொம்மைக்கு எவ்வளவு அடி என்று அளப்பார்கள். பக்கவாட்டுச் சோதனையும் உண்டு. சாலையில் நடக்கும் மோதல்களோ ஆயிரம் விதம்.

அதையெல்லாம் எடைபோடுவது காரின் நடுவில், கியருக்கு அருகே தரையோடு பொருத்தப்பட்ட ஒரு சின்னப் பெட்டி. ஸ்பீடோமீட்டரில் எவ்வளவு காட்டியது என்பதைவிட, அந்த வேகம் எவ்வளவு வெடுக்கென்று விழுந்தது என்பதைத்தான் அது முக்கியமாகப் பார்க்கிறது. அசையாத கெட்டிச் சுவரில் நேராக மோதினால் மணிக்கு 13 முதல் 23 கி.மீ. வேகமே பொதுவாகப் போதும். நின்றுகொண்டிருக்கும் அதே எடையுள்ள கார் மீது மோதினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம் வேண்டும். அந்தக் காரும் நசுங்கி, நகர்ந்து, அடியில் பங்கெடுத்துக்கொள்கிறதே. பின்னாலிருந்து இடித்தால் முன் ஏர்பேக்குக்கு வேலையே இல்லை. கார் உருண்டால், அதற்கான சென்சாரோடு ஜன்னலோரத் திரை ஏர்பேக் இருக்கும் கார்களில்தான் பயன்.

நின்ற லாரிக்கு அடியில் கார் நுழைவதுதான் ஆளைக் குழப்புவது. பானெட் லாரித் தளத்துக்குக் கீழே சறுக்கிப் போய்விடும். மோதலைத் தாங்கவென்றே முன்னால் வைத்த இரும்புச் சட்டங்கள் எதிலும் படாது. அடி முழுக்க முன்கண்ணாடிக்கும் அதன் தூண்களுக்கும். பார்க்கக் கோரமாக இருக்கும்; ஆனால் பெட்டிக்குத் தெரிவது படிப்படியாகக் குறையும் வேகம்தான். பை தாமதமாக விரியலாம், விரியாமலும் போகலாம்.

சரி, சந்தேகம் வந்தாலே விரிந்துவிட்டால் என்ன? பிரச்சினையே அங்கேதான். மோதிய நொடியிலிருந்து கிட்டத்தட்ட இருபதில் ஒரு நொடிக்குள் முடிவெடுத்து, ரசாயனத்தைப் பற்றவைத்து, வாயுவால் பையை நிரப்பியாக வேண்டும். அது பாய்ந்து வரும் வேகம் மணிக்கு 300 கி.மீ.யைத் தொடலாம். முகமோ நெஞ்சோ ஒட்டியிருந்தால் அந்த அடியே ஆளைச் சாய்க்கும். அதனால்தான் ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே 25 செ.மீ. இடைவெளி விடச் சொல்வது. பின்நோக்கிய குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

பெல்ட் போடாவிட்டால் ஏர்பேக் விரியாது என்ற பேச்சு எல்லா காருக்கும் பொருந்தாது. சிலவற்றில் பெல்ட் போடாதவருக்குக் குறைந்த மோதலிலேயே விரியும்படி அமைத்திருப்பார்கள். ஆபத்து வேறு இடத்தில். பிரேக் அடித்ததுமே பெல்ட் இல்லாதவர் முன்னால் சரிந்து, விரிகிற பையின் வாயிலேயே போய் விழுகிறார். பெல்ட் போடாததற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் ரூ.1,000 அபராதம், 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாதுகாப்பாக அமர்த்தாவிட்டாலும் அதே தொகை.

பம்பருக்கு முன்னால் மாட்டும் கம்பித் தடுப்பான புல் பாரும் வேண்டாம். மோதலின் விசை சென்சாருக்குப் போய்ச் சேரும் விதத்தையே அது மாற்றிவிடும். அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. டேஷ்போர்டில் ஏர்பேக் மூடி மேல் ஒட்டிய சாமி சிலை, பையோடு சேர்ந்து முகத்துக்குத்தான் வரும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், அதை மூடித் தைத்த சீட் கவரும் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்து, நேர் மோதலில் பலத்த அடிபட்டும் விரியவில்லை என்றால்? கேட்க உரிமை உண்டு. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இப்படியொரு வழக்கில் கார் உரிமையாளருக்குக் கிடைத்த இழப்பீட்டை உறுதிசெய்தது. மோதலின் விசையைக் கணக்குப் போட்டுப் பார்க்க நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்றது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஏர்பேக்கைக் காட்டி விற்பவர்தான் அதன் வரம்புகளையும் சொல்ல வேண்டும்.

வழக்குக்கு முன் ஒன்று: காரை அவசரப்பட்டு ரிப்பேருக்கு விட வேண்டாம். பல கார்களில் அந்தப் பெட்டியிலேயே மோதலின் பதிவு இருக்கும். எல்லாப் பக்கமும் படம் எடுத்து, நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பி, பதிவைப் படித்த அறிக்கையைக் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம். கார் விலை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும்.

விரிந்த ஏர்பேக்கை மடித்து மறுபடி வைக்க முடியாது, புதிதாகத்தான் மாட்ட வேண்டும். சாதாரண முழுக் காப்பீட்டில் ஏர்பேக்குக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள். ஜீரோ டெப் என்ற கூடுதல் காப்பீடு எடுத்தவருக்குப் பொதுவாக அந்தக் கழிவு இல்லை. அப்புறம், பழைய கார் வாங்குபவர்கள் சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால், மறைக்க யாராவது விளக்கையே கழற்றியிருக்கலாம்.