அத்திவாரம் போட்டால் பாதி வீடு முடிந்ததாகாது

போன கிழமை திருகோணமலை அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். சுவர் லின்ரல் மட்டம், அதாவது கதவு யன்னலுக்கு மேலே போடும் கொங்கிறீற் பட்டி மட்டம் வரைக்கும் எழும்பி நிற்கிறது, அதற்கு மேலே ஒன்றும் இல்லை. தூண்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைச் சாவியால் சுரண்டினேன். துரு செதில் செதிலாகக் கழன்று விழுந்தது. கதவு நிலைகளில் ஒன்றைக் கறையான் தின்றுவிட்டது, மேல்வரிசைக் கற்களில் பாசி. குடும்பம் இரண்டு ஒழுங்கை தள்ளி வாடகை வீட்டில் இருக்கிறது. நகை முழுக்க அடைவில். "இன்னும் எவ்வளவு சேர் வேணும்? பாதிக்கு மேலே முடிஞ்சுதுதானே?" என்று அந்த ஐயா கேட்டார். பாதி முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

வீட்டுப் பிளான் கீறுவதும் செலவு மதிப்பீடு செய்வதும், வங்கிக்காக வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பதும் என் தொழில். நிலாவெளி றோட்டில் போனாலும் சரி, கிண்ணியாப் பக்கம் போனாலும் சரி, இப்படி நிற்கிற சுவர்கள் கண்ணில் படாத நாள் இல்லை. கட்டத் தொடங்கும் முன்னர் யாராவது ஒருவர் உட்கார்ந்து கணக்கைச் சொல்லியிருந்தால் இவற்றில் பல இப்படி நின்றிருக்காது.

கணக்கு இதுதான். மாடி இல்லாத, ஓட்டுக் கூரை போட்ட ஒரு சாதாரண வீட்டின் மொத்தச் செலவை 100 ரூபாய் என்று வையுங்கள். அத்திவாரம் வெட்டி, கட்டி, நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கிற டி.பி.சி. படையும் போட்டு முடிய 15 ரூபாய் வரை போகும். சுவர், தூண், லின்ரல், கூரை மட்டத்துப் பீம் எல்லாம் சேர்ந்து இன்னொரு 25. கூரைக்கு 15. மிச்சம் 45 ரூபாயும் கூரைக்குப் பிறகுதான் போகிறது. காணியைப் பொறுத்து இது கூடும், குறையும். உவர்மலையில் பாறையோடு மல்லுக்கட்டுகிறவருக்கும் தம்பலகாமத்தில் பள்ளக் காணியை நிரப்புகிறவருக்கும் அத்திவாரக் கணக்கு ஒன்றல்ல. ஆனாலும் அத்திவாரம் போட்டால் பாதி வேலை முடிந்தது என்பது எந்தக் காணியிலும் பொய். அந்த ஐயாவின் வீடு லின்ரல் மட்டத்தில் நிற்கிறது. 100 ரூபாயில் 35 ரூபாய் வேலைகூட இன்னும் நடக்கவில்லை.

கண்தான் ஆளை ஏமாற்றுகிறது. மூன்று மேசன்மார் நின்றால் சுவர் கிழமைக்குக் கிழமை உயரும், றோட்டால் போகிறவர்களும் "வீடு எழும்பிட்டுது" என்பார்கள். பிறகு வருகிற பூச்சு, நிலம், கதவு யன்னல், வயரிங், தண்ணீர்க் குழாய், மலசலகூடம், மலக்குழி, பெயின்ற் எதுவும் வெளியே நிற்கிறவருக்கு வளர்ச்சியாகத் தெரியாது. பணமும் சக்தியும் தீர்ந்துபோகிற இடம் அதுதான். "இனிப் பூச்சு மட்டும்தானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்குள் பல இலட்சம் கிடக்கிறது.

"எங்கட அப்பு ஆக்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே கட்டினவை" என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் அவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்று பாருங்கள். முதலில் ஒரு அறையும் குசினியும் போட்டு, கிடுகு வேய்ந்து குடிபோனார்கள். நெல்லு விளைந்த வருசம் ஒரு விறாந்தை, மகள் பெரியவளானதும் இன்னொரு அறை. அறை அறையாகக் கட்டினார்கள், கட்டிய அன்றே அதில் படுத்தார்கள். நாங்கள் 1,200 சதுர அடிக்கு ஒரேயடியாக அத்திவாரம் போட்டு, மட்டம் மட்டமாக உயர்த்துகிறோம். கடைசி ரூபாய் செலவாகும் வரைக்கும் அதில் ஒருவரும் படுக்க முடியாது. இதற்குப் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது அல்ல.

அப்படியென்றால் எல்லாம் சேரும் வரை வங்கியில் போட்டுக்கொண்டே இருப்பதா? அதையும் நான் சொல்லமாட்டேன். 2021இல் ஆயிரம் ரூபாய் அளவில் வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை அடுத்த வருசம் நடுப்பகுதியில் மூவாயிரத்தைத் தொட்டதை எல்லோரும் பார்த்தோம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்துக்குக் கிட்டப் போனது. முழு வீட்டுக்கான காசைக் கணக்கில் வைத்திருந்தவர் அரை வீட்டுக் காசோடு நின்றார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தில் கால்வாசிப் பணத்தோடு அவசரப்பட்டுத் தொடங்கியவர்களும் அதே 2022இல் லின்ரல் மட்டத்தில் நின்றார்கள், கையில் காசும் இல்லாமல்.

ஆகவே இப்போது கட்டுவதா, சேமிப்பதா என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். தையில் தொடங்கினால், ஐப்பசி மழைக்கு முன் ஒரு அறை, குசினி, மலசலகூடம் மூன்றையும் கூரை போட்டு, கதவு பூட்டி, மின்சாரமும் தண்ணீரும் எடுத்துக் குடிபோகக் கையில் இருக்கிற காசு காணுமா? காணும் என்றால் தொடங்குங்கள், சின்னதாக. மிச்ச அறைகளைப் பிளானில் காட்டி அனுமதி எடுத்து வையுங்கள், பிறகு ஒட்டிக் கட்டலாம். காணாது என்றால் இன்னும் சேருங்கள். குடிபோனவருக்கு வாடகை மிஞ்சும், அதுவே அடுத்த அறைக்குச் சேமிப்பு.

ஐப்பசி என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊரில் மழை முக்கால்வாசியும் வாடைக் காலத்தில்தான் கொட்டும், புயலும் அந்த மாதங்களில்தான் வரும். 2020 டிசெம்பர் 2 இரவு புரெவி குச்சவெளிப் பக்கமாகத்தான் கரை கடந்தது. கூரை இல்லாத சுவர் ஒரு மாரியைத் தாங்கும், இரண்டாவதில் பழுது தொடங்கும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பிக்கு ஆயுள் இன்னும் குறைவு.

கடன் பற்றியும் சொல்லவேண்டும். 30 இலட்சத்தை 13 சதவீத வட்டிக்கு 15 வருசத்துக்கு எடுத்தால் மாதம் 38,000 ரூபாய்க்குக் கிட்டக் கட்டவேண்டும். கட்டி முடிக்கையில் 68 இலட்சம் போயிருக்கும். வீடு முடியும் வரை வாடகையும் இதோடு சேரும். வங்கி முழுத் தொகையையும் ஒரேயடியாகத் தராது. கட்டம் கட்டமாக, வேலையைப் பார்த்துத்தான் விடும். முதல் கட்ட வேலை உங்கள் சொந்தக் காசில் நடக்கவேண்டும். வட்டி மாறும் கடனா, மாறாததா என்று கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள், 2022இல் மாதத் தவணை ஏறி அழுதவர்கள் கனபேர். காணி உறுதி இல்லாமல் அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் இருக்கிற காணி என்றால், அத்திவாரம் வெட்டும் முன்னரே அதை ஈடாக எடுப்பார்களா என்று வங்கியில் கேளுங்கள். அத்திவாரம் போட்டபிறகு பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு ஓடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. நுண்கடன் எடுத்து வீடு கட்டவே கட்டாதீர்கள். கிழமைத் தவணைக் கடனுக்கும் வீட்டுக்கும் சரிவராது.

சாமான் விலை ஏறும் என்று முன்கூட்டியே வாங்கி அடுக்குகிறவர்களுக்கு: சீமெந்து வேண்டாம். மூன்று மாதம் தாண்டினால் அதன் பலத்தை நம்பமுடியாது, மாரியில் அதற்கு முன்னரே கட்டி பிடித்துவிடும். கம்பியும் வேண்டாம், கடலுக்குக் கிட்ட என்றால் அறவே வேண்டாம். கூரை மரம் வாங்கலாம், நிழலில் அடுக்கிக் காய்ந்தால் நல்லது. சீமெந்துக் கல்லும் மணலும் வாங்கலாம், மணல் பெர்மிற்றோடு வந்ததா என்று பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்த்தால் அந்தத் தண்ணீரில் கொங்கிறீற் குழைக்கவேண்டாம், பவுசரில் எடுத்தாலும் பரவாயில்லை. மதிப்பீட்டுக்கு மேல் நூற்றுக்குப் பத்தாவது ஒதுக்கி வையுங்கள். மேசனுக்கு முழுக்கூலியையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள், எழுத்தில் இல்லாத ஒப்பந்தமும் வேண்டாம்.

பெம்பிளைப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் ஒரு கெஞ்சல். சம்பந்தம் பேசத் தொடங்கியதும் வீடு கேட்கிறார்கள், உடனே அடைவும் சீட்டும் கைமாற்றுமாகத் தொடங்கிவிடுகிறீர்கள். கலியாணச் செலவும் வீட்டுச் செலவும் ஒரே வருசத்தில் விழுந்த குடும்பங்களைத்தான் நான் அதிகம் அரைச்சுவரில் காண்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் பிளானைக் காட்டி, "இந்த வருசம் இந்த இரண்டு அறையும், மிச்சம் பிறகு" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்கிற வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஏற்கனவே அரைச்சுவரோடு நிற்கிறவர்கள் வருகிற மழைக்கு முன் இதைச் செய்யுங்கள், அதிகம் செலவில்லை. நீட்டி நிற்கும் கம்பியின் துருவைக் கம்பித்தூரிகையால் சுரண்டி, சீமெந்தைத் தண்ணீரில் கரைத்த சீமெந்துப் பாலைத் தடிப்பாகப் பூசுங்கள். சுவரின் மேல்விளிம்பை நல்ல சாந்தால் மூடுங்கள், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிகிற மாதிரிச் சரிவாக. நிலைகளுக்குக் கழிவெண்ணெயோ கறையான் மருந்தோ அடித்து, அடியில் மண் முட்டாமல் பாருங்கள். கட்டிட அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. உங்கள் சபையில் போய்த் திகதியைப் பார்த்து, முடிய முன் நீடிப்புக் கேளுங்கள். திரும்பத் தொடங்கும்போது முழு வீட்டையும் உயர்த்தப் பார்க்காமல், ஒரு மூலையில் இரண்டு அறையைத் தெரிந்து அதற்கு மட்டும் கூரை போடுங்கள். ஆனால் தூணின் மேல் தூண் வைக்க முன்னர் அந்தக் கம்பி இன்னும் தாங்குமா என்று ஒரு பொறியியலாளரிடமோ தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமோ காட்டுங்கள். மேசன் "பிரச்சினையில்லை அண்ணை" என்று சொன்னது போதாது.